பீஸ் கட்டை என்னிடம்தான் இருக்கிறது

சின்னவனே,

நீ அனுப்பிய ஆட்கள் போன வெள்ளிக்கிழமை ஏணியோடு வந்தார்கள். நான் துடைப்பத்தோடு வாசலில் நின்றேன். பச்சைச் சட்டை போட்ட இரண்டு பேர். "ஆயா, மாடியில சோலார் தகடு வெக்கணும். சார் சொல்லி அனுப்பினாரு. துட்டு எதுவும் வாணாம்" என்றான் ஒருவன். எந்தச் சார் என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னான். "அந்தச் சாரு தவழ்ந்த வூடுதான் இது. வழி அவுருக்கே தெரியும். அவுரையே வரச் சொல்லு" என்றேன். அவன் மீட்டர் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இன்னா ஆயா, வூட்டுல கரண்ட்டே இல்ல?" என்றான். இல்லை என்றேன். பில் கட்டாததால் பிடுங்கிவிட்டார்களா என்று கேட்டான். நான்தான் பிடுங்கினேன் என்றேன். வெயிலில் வந்த பிள்ளைகள், மோர் கொடுத்துத்தான் அனுப்பினேன். ஏணியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

நீ வடக்கே போகிறாய் என்று மலர்தான் சொன்னாள். அண்ணன் பெண்டாட்டிக்குப் போனில் சொல்கிறாய், பெற்றவளுக்குச் சொல்லவில்லை. மணல்காடாம், கண்ணுக்கு எட்டிய மட்டும் தகடு விரித்திருக்கிறார்களாம், குடும்பத்தோடு போய்விட்டால் திரும்பி வருவதற்கு வருஷக்கணக்காகுமாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரயில் என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாவது வகுப்போடு நாற்று நடப் போனவள் நான். என் எழுத்து வரப்பு மாதிரி வளைந்துதான் போகும், நீ பொறுமையாகப் படி. இதை உறையில் போட்டு ஒட்டவில்லை. மலர் சேதராப்பட்டு கம்பெனி வண்டியில் போகும்போது மூலக்குளத்தில் உன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவாள். நடுவில் யார் படித்தாலும் படிக்கட்டும். போராட்டப் பந்தலில் உட்கார்ந்தவர்கள் படிக்கட்டும், உன் புதுக் கம்பெனிக்காரர்கள் படிக்கட்டும். உன் அண்ணனைப் பற்றி இரண்டு பக்கமும் நிறையப் பேசிவிட்டார்கள். பெற்றவள் பேசியது ஒன்றாவது ஊரில் இருக்கட்டும்.

எனக்கு மறதி கிடையாது என்பது உனக்குத் தெரியும். உன் கல்யாணத்தில் பெண் வீட்டார் என்னை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்ததும், வடை தீர்ந்துபோய் எனக்கு மட்டும் உடைந்த அப்பளம் விழுந்ததும் இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. உன் மாமியார் அதற்கப்புறம் எத்தனையோ தடவை எனக்கு விருந்து வைத்துவிட்டாள். அப்பளம் மறக்கவில்லை. இப்படிப்பட்டவளிடம் நீ மன்னிப்பை எதிர்பார்த்து இதைப் படிக்காதே. அதற்காக எழுதவில்லை.

இந்தத் தெருவுக்கு விளக்கு வந்த கதையை உனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். நீ கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்பாய். உன் அண்ணன் வாய் திறந்து கேட்பான். ஊருக்குள் எல்லா வீட்டிலும் பல்பு எரிந்தபோது நம் காலனியில் மட்டும் சிம்னி விளக்கு. நடுவில் கரும்புக்காடு. அந்தக் காட்டுக்காரர் கம்பம் நட விடவில்லை. "என் கொல்லையில கம்பம் நட்டீங்கன்னா, கரும்போட சேத்துக் கட்டி ஆலைக்கு அனுப்பிடுவன்" என்றார். உன் அப்பா அப்போது கரண்ட்டு ஆபீசுக்குக் கம்பக்குழி வெட்டும் கூலி. ஊரெல்லாம் குழி வெட்டினார், சொந்தத் தெருவுக்கு வெட்ட முடியவில்லை. பிறகு ஒரு அதிகாரி வந்தார். காட்டுக்காரர் நாற்காலி போட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அதிகாரி இளநீரைக் குடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டு, "குழிய வெட்டுங்கப்பா" என்றார். உன் அப்பா கரும்புக்கு நடுவில் இறங்கி, காட்டுக்காரர் பார்க்கப் பார்க்க, கடப்பாரையைப் போட்டார். அன்றைக்கு அவர் போட்ட சத்தம் மாதிரி என் கல்யாண மேளம்கூட இல்லை. விளக்கு வந்த சாயங்காலம் நீ என் இடுப்பில் இருந்தாய். உன் அண்ணன் முருகன் பல்புக்கு அடியில் அண்ணாந்தபடி நின்றான். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. அன்றைக்கே அவன் கம்பத்தில் ஏறிவிட்டான் என்றுதான் நான் சொல்வேன்.

அவன் ஐ.டி.ஐ. முடித்து, ஹெல்பராக அலைந்து, ஒருவழியாக லைன்மேன் ஆனான். உன் அப்பா பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. வீட்டில் ஒரு விசிறி மாட்டுவதானாலும், சுவிட்சு மாற்றுவதானாலும் அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு, நீயும் பார்த்திருப்பாய். முதலில் மீட்டர் பெட்டியிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்குவான். வெள்ளைப் பீங்கான் கட்டை, உள்ளங்கையில் அடங்கும். அதை என் கையில் வைத்து விரல்களை மூடுவான். "அம்மா, இது உங்கையில இருக்கிற மட்டும் எனக்கு ஒண்ணும் ஆவாது. நானா எறங்கி வந்து கேட்டாத்தான் குடுக்கணும். வேற யாரு கேட்டாலும் குடுக்காத. சாமியே வந்து கேட்டாலும் குடுக்காத" என்பான். நான் அடுப்பில் குழம்பு பொங்கினாலும் கையைத் திறக்கமாட்டேன். வேலை முடிந்ததும் ஸ்டூலிலிருந்து குதித்து, கை நீட்டி, "எறங்கிட்டன்மா, குடு" என்பான். ஒரு தடவை நீ குறும்பாகக் குரலை மாற்றிக் கேட்டாய். நான் உன் மண்டையில் குட்டினேன். ஞாபகம் இருக்கிறதா?

அது அவர்கள் தொழிலின் சட்டமாம். கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் சப்ஸ்டேஷனுக்குச் சொல்லி லைனை நிறுத்தி அனுமதி வாங்க வேண்டும். லைன் கிளியர் என்று அதற்குப் பெயர். யார் வாங்கினானோ அவனே இறங்கிவந்து, அவன் வாயால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் அங்கே சுவிட்சைப் போடுவார்கள். இதை உனக்கு எழுத வேண்டியதில்லை, நீ இஞ்சினியர். ஆனால் உறை ஒட்டாத கடிதம் என்றேன் இல்லையா, மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

உன்னைப் படிக்கவைத்தவன் அவன். நீயும் அதே ஆபீசில் அதிகாரியாக வந்து உட்கார்ந்தாய். "வூட்டுல டேய், ஆபீஸ்ல சார்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சைக்கிளில் போகிறவனை நிறுத்தி, என் தம்பி எனக்கே ஆபீசர் என்று சொன்னவன் அவன். அதெல்லாம் அந்தப் பொங்கல் கரிநாள் சாப்பாட்டோடு முடிந்தது.

நான் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். நீங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தீர்கள். அரசாங்கம் கரண்ட்டு இலாகாவில் பாதியைத் தனியாருக்கு விற்கப்போகிறது என்று அன்றைக்குத்தான் டிவியில் சொன்னார்கள்.

"இன்னாடா, எங்கள விக்கிறீங்களாமே?" என்றான் அவன்.

"விக்கலண்ணா. பாதிப் பங்கு மட்டுந்தான். மீதிப் பாதி அரசாங்கத்துகிட்டயே இருக்கும். வர்ற துட்டுல சோலாரு, காத்தாடி, பேட்டரி எல்லாம் போடலாம். நெலக்கரிய எரிச்சி எரிச்சி இன்னும் எத்தினி நாளுக்குத் தள்ள முடியும்?"

"பாதின்னா எந்தப் பாதிடா? மாட்டுல பாதி விக்கிறன்னா, பால் கறக்கிற பாதியா, சாணி போடுற பாதியா?"

மலர் சிரித்தாள், நான் சிரித்தேன், நீயும் சிரித்தாய். பிறகு, "கூரை ஒழுகினா அரைக்காணிய வித்து வூட்டக் கட்டுறதில்லையாண்ணா?" என்றாய். "நமக்கு ஏதுடா அரைக்காணி?" என்றான் அவன். அதற்கும் சிரித்தோம். அப்புறம் அவன் கரும்புக்காட்டை எடுத்தான். "லாபம் பாக்கிறவன் இந்தத் தெருவுக்குக் கம்பம் நட்டிருப்பானா? எளநியக் குடிச்சிட்டு அந்தாளு பேச்சக் கேட்டுட்டுப் போயிருப்பான்." நீ சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: "தகடு இருந்திருந்தா கம்பமே வாணாமேண்ணா. அந்தாளு கொல்லையில காலே வெச்சிருக்க வாணாம். சூரியன் அவன் வரப்பக் கேட்டுக்கினா வருது?"

எனக்கு அது சுரீரென்றது. இத்தனை வருஷமாக அந்தக் காட்டுக்காரர் மேல் வைத்திருக்கிற என் வன்மத்தை ஒரு வாய்ச் சோற்றில் பழசாக்கிவிட்டாயே என்று இருந்தது. சரியாகத்தான் சொல்கிறான் என்றும் இருந்தது. அவன் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. இரண்டு பிள்ளைகளும் சரியாகப் பேசினால் தாய்க்கு எவ்வளவு ஆபத்து என்பது அப்போது தெரியவில்லை.

"அப்போ நானு? கம்பம் வாணாம்னா கம்பத்துல ஏறுறவன் எதுக்கு?" என்று கேட்டான். அப்போதும் சிரித்தபடிதான் கேட்டான். நீ பதிலுக்குச் சிரித்திருக்கலாம். "உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாதுண்ணா. நான் பாத்துக்கறன்" என்றாய். நல்ல மனதோடுதான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் அவன் முகம் செத்துவிட்டது. "நீ பாத்துக்கறியா? உன்ன நான் பாத்துக்கினன்டா" என்று சொல்லித் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தான். அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் பேசவில்லை. அத்தை ஏன் பேசவைக்கவில்லை என்று மலர் கேட்கிறாள். நான் எப்படிப் பேசவைப்பேன்? எனக்கே இந்தத் தெருவில் பேசாத வீடுகள்தான் அதிகம். பேசாமல் இருப்பதை வைராக்கியம் என்று நினைத்து வளர்ந்தவள் நான். உங்களுக்கும் அதைத்தான் ஊட்டியிருக்கிறேன் போலிருக்கிறது.

பிறகு ஸ்ட்ரைக் வந்தது. லைன்மேன்கள், ஆபரேட்டர்கள் எல்லாரும் பந்தலில். அதிகாரிகள் நீங்கள் சப்ஸ்டேஷனில் உட்கார்ந்து சுவிட்சைப் பார்த்துக்கொண்டீர்கள். வெளியூரிலிருந்து ஆட்களை இறக்கினீர்கள். தண்ணீர்க் குழாயில் பக்கத்து வீட்டு அஞ்சலை குடத்தை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், எனக்குக் கேட்கும்படி, "ஒரு புள்ள விக்கிறான், ஒரு புள்ள நிறுத்துறான், நடுவுல நாமதான் மெழுவத்தி வாங்கறம்" என்றாள். அஞ்சலையோடு எனக்குப் பேச்சு இல்லாதது உனக்குத் தெரியும். என் முட்டைக் கோழி அவள் வீட்டுக் கல்யாணக் குழம்பில் போனதிலிருந்து இல்லை. அது அவள் கோழிதான் என்று இன்றைக்கும் சாதிக்கிறாள். என் கோழிக்கு இடது காலில் நகம் ஒடிந்திருக்கும். எலும்பைப் பார்த்தேன் நான்.

அந்த மழைக்காற்றில் வேப்பமரக் கிளை விழுந்து நம் தெருவுக்கு வரும் லைன் அறுந்தது. கரும்புக்காட்டுக் கம்பத்தில், உன் அப்பா குழி வெட்டிய அதே கம்பத்தில், உச்சியில் இந்தப் பக்கக் கம்பியையும் அந்தப் பக்கக் கம்பியையும் சேர்க்கிற ஜம்பர் பிய்ந்து தொங்கியது. வெளியூர் ஆட்கள் அதே லைனில் வேறு இடத்தில் வேலையாக இருந்தார்கள். அஞ்சலையின் பேரப்பிள்ளைக்கு இழுப்பு. மூக்கில் வைத்து ஆவி பிடிக்கும் மெஷின் கரண்ட்டு இல்லாமல் ஓடவில்லை, பிள்ளைக்கு உதடு நீலம் பூத்துவிட்டது. அவள் என்னிடம் வரவில்லை. எப்படி வருவாள்? நேராகப் பந்தலுக்கு ஓடி, உன் அண்ணன் காலைப் பிடித்தாள். "ஏம்பா முருகா, உங்கம்மாவுக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கட்டும்" என்றாளாம். அவன் பந்தலை விட்டு எழுந்துவிட்டான்.

இதற்கப்புறம் நடந்ததை, பந்தலிலிருந்து அவனோடு எழுந்துபோன தனபால் எனக்குச் சொன்னான். உனக்கு யாரும் முழுசாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். நீயும் கேட்டிருக்கமாட்டாய். அதனால் நான் சொல்கிறேன்.

கம்பத்தடியில் நின்று தனபால் கேட்டிருக்கிறான்: "தம்பிக்கு ஒரு போனு போட்டுடுண்ணே. அவருதான சப்ஸ்டேஷன்ல குந்திக்கினு இருக்காரு." உன் அண்ணன் போனைக் கையில் எடுத்திருக்கிறான். உன் பெயர் வரைக்கும் போயிருக்கிறான். பிறகு ஜோபியில் போட்டுக்கொண்டானாம். "அவங்கிட்ட லைன் கிளியர் கேட்டா எம்பேர எழுதுவான்டா. ஸ்ட்ரைக்குல குந்தினவன் தம்பிகிட்ட கையேந்திக்கினு வேலைக்கு வந்துட்டான்னு நாளைக்குப் பந்தல்ல சிரிப்பானுங்க. தோ, அந்த வெளியூரு ஆளுங்க லைன நிறுத்திட்டுத்தான வேல செய்றானுங்க. லைன் செத்துக் கெடக்குது. அவனுங்க முடிக்கிறதுக்குள்ள நான் எறங்கிடுவன்."

அடுத்தவன் வாங்கிய லைன் கிளியரில் ஏறினான். என் கையில் பீஸ் கட்டையை வைத்து விரலை மூடியவன் ஏறினான். லைனை மண்ணோடு பிணைக்கும் எர்த் தடி ஒன்று மாட்டியிருந்தாலும் பிழைத்திருப்பானாம். அது ஆபீசில் பூட்டிக் கிடந்தது. பூட்டியது இவர்கள் சங்கம்தான். சாவி பந்தலில் தொங்கியது.

அப்போது நான் வீட்டில் ஆட்டுக்கல்லில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தேன். கரண்ட்டு இல்லாததால் பழைய கல்லைத் துடைத்துப் போட்டிருந்தேன். திடீரென்று தலைக்குமேல் விசிறி சுற்றியது. தெருப்பிள்ளைகள் "வந்துடுச்சு!" என்று கத்தினார்கள். நானும் "அப்பாடா" என்றேன், சின்னவனே. கையிலிருந்த மாவோடு அப்பாடா என்றேன். கண் மூடித் திறப்பதற்குள் போயிற்று. பிள்ளைகள் "ஓ" என்றார்கள். பிறகு மறுபடியும் வந்தது, நின்று எரிந்தது. மாவை மிக்சியில் போடலாம் என்று வழித்துக்கொண்டிருந்தபோதுதான் தனபால் ஓடிவந்தான்.

சாவு வீட்டில் நீ வந்து நின்றாய். உன் சட்டையில் சப்ஸ்டேஷன் தூசி அப்படியே இருந்தது. என் கையைப் பிடித்து, "அம்மா, அவங்க முடிச்சிட்டம்னு சொன்னப்புறந்தாம்மா போட்டன். நான் ரூல்படிதாம்மா செஞ்சன்" என்றாய். ஊரே கேட்டது. உன் அண்ணன் அங்கே கிடக்கிறான், முகத்தில் ஒரு பக்கம் துணி மூடியிருக்கிறது, நீ ரூலைச் சொல்கிறாய். நீ ஒரு தப்புச் செய்திருந்தால்கூட உன்னை அடித்து, உன் மேலேயே விழுந்து அழுதிருப்பேன். நீ ஒழுங்காகச் செய்ததால் எனக்கு விழுந்து அழ இடமில்லாமல் போயிற்று. எழுந்துபோய் மீட்டர் பெட்டியைத் திறந்தேன், பீஸ் கட்டையைப் பிடுங்கினேன். "நீ போட்ட கரண்ட்டு என் வூட்டுல எரியாது. போடா" என்றேன். நீ போய்விட்டாய். பால் தெளிக்கக்கூட வரவில்லை. போ என்றால் போய்விடுவதா என்று அப்புறம் நினைத்துக்கொண்டேன். ஆனால் நீ எனக்குப் பிறந்தவன், போகத்தான் செய்வாய்.

அதற்கப்புறம் அவனை எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். சங்கத்தார் அவன் போட்டோவைப் பெரிய பேனரில் போட்டு, விற்பனையின் முதல் பலி என்று நாற்சந்தியில் கட்டினார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மழையில் அந்தப் பேனர் கிழிந்து பாதி முகம் சாக்கடையில் தொங்கியபோது நான்தான் போய் அவிழ்த்து வந்தேன். உங்கள் ஆபீஸ் பக்கத்தார் அனுமதியில்லாமல் ஏறியவன் என்று எழுதிவைத்தார்கள். அஞ்சலையின் பேரனைப் பற்றி இரண்டு பக்கமும் ஒரு வரி எழுதவில்லை. ஸ்ட்ரைக் முடிந்தது, பாதி விற்பனையும் ஆயிற்று. வந்த பணத்தில் தகடுகள் வந்து இறங்கின. ஏரிக்கரைப் பக்கம் போகும்போது பஸ்ஸிலிருந்து பார்த்தேன், வெயிலில் தண்ணீர் மாதிரி மின்னுகிறது. அழகாகத்தான் இருக்கிறது. அழகாக இருப்பதுதான் எனக்கு ஆறவில்லை. இவன் போன பிறகும் அது அழகாக இருக்கிறதே என்று.

வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு வைத்தேன். உன் அண்ணன் மகள் சந்தியா அதில்தான் படித்தாள். மலர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டாள்: "அத்த, நீங்க துக்கம் கொண்டாடுங்க, நான் கேக்கல. சந்தியாவுக்குப் பப்ளிக் பரீட்சை. அந்தப் பீஸ் கட்டைய குடுங்க, நானே சொருகிக்கிறன்."

"உங்கிட்ட குடுக்க முடியாதுடி."

"ஏன்? நான் இன்னா வேத்தாளா?"

"அவன் வந்து கேக்கணும்டி."

அவள் என்னைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெருவில் பேசுகிறார்கள். பைத்தியம் இல்லை. மீட்டர் பெட்டியில் பிடுங்கிய கட்டை என் மடியில் இருக்கிறது. இது உன் கையில் இருக்கிற மட்டும் எனக்கு ஒன்றும் ஆகாது என்று அவன்தான் சொன்னான். நானா வந்து கேட்டால்தான் கொடு என்றான். அவன் வந்து கேட்கவில்லை. நான் யாரிடம் கொடுப்பது? கொடுத்துவிட்டால் அவன் இறங்கமாட்டான் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா?

பிறகு சந்தியா சாயங்காலமானால் வேறொரு வீட்டுக்குப் படிக்கப் போனாள். எந்த வீடு என்று மலர் எனக்குச் சொல்லவில்லை. போன வியாழக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் மழை வந்தது. குடையை எடுத்துக்கொண்டு அவளைத் தேடினேன். அஞ்சலை வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். கோழிச் சண்டைக்கப்புறம் நான் கால் வைக்காத வீடு. கூடத்தில் பல்பு எரிகிறது. அதன் அடியில் சந்தியா கணக்குப் போடுகிறாள். மூலையில் அந்தப் பிள்ளை மூக்கில் மூடியை வைத்துக்கொண்டு, மெஷின் உர்ரென்று ஓட, தூங்கிக்கொண்டிருக்கிறது. அஞ்சலை என்னைப் பார்த்ததும் எழுந்து சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "உன் புள்ள முடுக்கிவுட்ட கரண்ட்டுதான் இது. நீ அணைன்னு சொன்னா அணைச்சிடறன்" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அணைத்திருப்பாள்.

சின்னவனே, அந்த ஜம்பரை அவன் சரியாகத்தான் முடுக்கியிருந்தான். தனபால் சொன்னான், வேலை முடிந்துவிட்டது, இறங்குவதற்குக் காலை எடுத்துவைத்தான் என்று. அதனால்தான் தெருவுக்குக் கரண்ட்டு வந்தது, நின்றது. அவன் கட்டிய கட்டு இன்றைக்கும் அந்தக் கம்பத்தில் இருக்கிறது. நீ போட்டது, அவன் கட்டியது, இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பிள்ளை மூச்சு விடுகிறது. ஒன்றை அணைத்து மற்றதை எரிய வைக்க முடியாது.

"எரியட்டும்டி" என்றேன். அந்தச் சண்டைக்கப்புறம் அவளோடு நான் பேசிய முதல் வார்த்தை. அவள் அழுதுகொண்டே, "அந்தக் கோழி உன்னுதுதான்க்கா" என்றாள். "தெரியும்டி, நகம் பாத்தன்" என்றேன்.

அதற்கு மறுநாள்தான் உன் ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். வேண்டாம் என்று அனுப்பியது தகட்டுக்காக இல்லை. நீ ஆளை அனுப்பியதற்காக.

இன்னொன்று சொல்லவேண்டும். அந்தக் கரண்ட்டு வந்து, போய், மறுபடியும் வந்தது என்று எழுதினேன் இல்லையா. சப்ஸ்டேஷனில் சுவிட்சு தானாக விழுந்து லைன் நின்றது, நீ இரண்டாம் தடவை சுவிட்சைப் போட்டாய். அந்த இரண்டாம் தடவையை நினைத்துத்தான் நீ தூங்கவில்லை என்று உன் பெண்டாட்டி மலரிடம் சொல்லியிருக்கிறாள். கேள்: முதல் தடவையிலேயே அவன் கீழே விழுந்துவிட்டான். தனபால் மடியில் தலை இருந்தபோதுதான் தெருவில் விளக்கு மறுபடியும் எரிந்தது. நான் தனபாலை மூன்று சாமி மேல் சத்தியம் வாங்கிக் கேட்டேன். இரண்டாவது தடவை நீ யாரையும் தொடவில்லை. முதல் தடவைக்கு என்னிடம் மருந்து இல்லை. அதை நீயும் நானும்தான் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்.

நீ போகிற மணல்காட்டிலும் யாராவது ஆடு மேய்த்துக்கொண்டிருப்பாள். தகட்டை விரிப்பதற்கு முன்னால் அவளைக் கேள். கேட்கிற மாதிரி கேள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லாதே. உனக்குக் கீழே வேலை செய்கிறவன் உன்னோடு சண்டை போட்டால் போடட்டும், ஆனால் சண்டைக்கு நடுவிலும் உனக்குப் போன் போடக் கூச்சப்படாத மாதிரி நடந்துகொள். பாதியை விற்றது நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நீங்கள் இருவரும் அன்றைக்கு முடிக்காத பேச்சு அது. அவன் பக்கத்தை இனிமேல் நான் பேசுவேன், நீ உன் பக்கத்தைப் பேசு. தகடு வைக்கலாமா வேண்டாமா என்றும் சண்டை போடுவோம். சுலபத்தில் விடமாட்டேன்.

ஆனால் அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை வா. ரயில் ராத்திரிதானே, காலையிலேயே வா. வாசலில் நின்று கூப்பிடாதே, உள்ளே வா. அன்றைக்கு அவனைத் தூக்கியதிலிருந்து நீயும் கீழே இறங்கவில்லை, எனக்குத் தெரியும். அதே சப்ஸ்டேஷன் நாற்காலியில், சுவிட்சில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருக்கிறாய். மூலக்குளத்தில் இருந்தாலும் அங்கேதான், மணல்காட்டுக்குப் போனாலும் அங்கேதான். பீஸ் கட்டை என் மடியில் சூடாக இருக்கிறது. அவன் வரமாட்டான். இதை எழுதும்போதுதான் முதல்முதலாக எழுதுகிறேன்: அவன் வரமாட்டான். நீ வந்து கை நீட்டிக் கேள். குட்டமாட்டேன். எறங்கிட்டன்மா, குடு என்று அவன் கேட்பானே, அந்தக் குரலிலேயே கேள்.

இப்படிக்கு,
கையை இன்னும் திறக்காத
உன் அம்மா